எழுத விரும்புவதற்கு மேல் ஒரு வரி

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு மாலை. பள்ளிக்கூடங்கள் திறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பேத்திக்கு நோட்டுப் புத்தகங்கள் வாங்குவதற்காகக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். புதுக் காகிதத்தின் வாசனையும் பிள்ளைகளின் இரைச்சலும் நிறைந்திருந்த அந்தக் கடையில், முன்பு என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த மாணவி ஒருத்தி என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னாள். இப்போது அவள் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவள் கையில் மூன்று நோட்டுகள் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரமானது, மற்றொன்று சட்டைப் பையில் அடங்கிவிடுவது.

"ஐயா, நாட்குறிப்பு எழுதலாம் என்று நினைக்கிறேன். எந்த அளவு நோட்டு வாங்கினால் நல்லது?" என்று கேட்டாள்.

மிக எளிய கேள்விதான். கடைக்காரரே பதில் சொல்லியிருப்பார். ஆயினும் என்னால் உடனே சொல்ல முடியவில்லை. "நாளை மாலை வீட்டுக்கு வா, அம்மா. சொல்கிறேன்" என்றேன். நோட்டின் அளவைச் சொல்வதற்கு ஓர் இரவு அவகாசம் வேண்டுமா என்று அவள் வியந்திருக்கக்கூடும். அந்த விடையைக் கண்டடைய எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின என்பதும், அதற்கு நான் கொடுத்த விலை காசு அன்று என்பதும் அவளுக்குத் தெரியாது.

1981 ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளத்தில் இரண்டு பொருள்கள் வாங்கினேன். அம்மாவுக்கு ஒரு சேலை. எனக்கு ஒரு பெரிய பைண்டு நோட்டு. மளிகைக் கடைகளில் பேரேடு எழுத வைத்திருப்பார்களே, அதைப் போன்றது. ஃபுல்ஸ்கேப் அளவு. துணி ஒட்டிய கெட்டி அட்டை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பெருமிதம் இன்றும் நினைவில் இருக்கிறது. எழுத்தாளன் ஆகப் போகிறவனுக்குச் சிறிய நோட்டு எதற்கு என்ற இறுமாப்பும் அந்தப் பெருமிதத்தில் கலந்திருந்தது.

முதல் வாரம் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் நிரம்பியது. இரண்டாம் வாரத்தில் பாதிப் பக்கத்தோடு நின்றது. பாதி வெறுமையாய்க் கிடந்த அந்தப் பக்கம், மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதிவிட்டு எழுந்துபோன மாணவனின் விடைத்தாளைப்போல் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாதவன் இரண்டு வழிகளில் தப்பிக்கிறான். ஒன்று, சொற்களைப் பெருக்கிப் பக்கத்தை நிரப்புகிறான். மற்றொன்று, எழுதாமலே விட்டுவிடுகிறான். நான் இரண்டையும் செய்தேன். நடந்தது ஒரு பங்கு, அலங்காரம் மூன்று பங்கு என்று எழுதினேன். பின்பு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக அமர்ந்து வாரம் முழுவதற்கும் சேர்த்து எழுதலாம் என்று தள்ளிவைத்தேன். ஞாயிறு வந்தது, ஓய்வு வரவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த நோட்டை விரிப்பதற்கு ஒரு மேசை வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே மேசை. திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு அது அவர்களுடைய புத்தகங்களுக்கு உரியதாயிற்று. நோட்டு பீரோவின் மேல் ஏறி அமர்ந்தது. ஆண்டுக்கு ஏழெட்டு முறை, பெரிய நிகழ்ச்சிகள் நடந்தபோது மட்டும், தூசி தட்டி இறக்கினேன். திருமணம், பிள்ளைப்பேறு, பதவி உயர்வு, அப்பாவின் மரணம். ஆக, என் வாழ்க்கையில் விழா நாள்களும் துக்க நாள்களும் மட்டுமே இருந்தன என்று அந்த நோட்டு சாட்சி சொல்லும். சாதாரண நாள்கள் அதில் இல்லை. ஆனால் மனிதன் வாழ்வது சாதாரண நாள்களில்தான்.

1997 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அம்மா நோயில் விழுந்தாள். நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். 41 நாள்கள் அங்கே இருந்தாள். இரவில் உடன் இருப்பது என் பொறுப்பு. முதல் நாளே அங்கிருந்த செவிலி என்னிடம், "என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள், எவ்வளவு சிறுநீர் போயிற்று, எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். காலையில் டாக்டர் கேட்பார்" என்றார். வாசலில் இருந்த பெட்டிக்கடையில் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். பால் கணக்கு எழுதுவதற்கு வீடுகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. உள்ளங்கையில் அடங்கியது. சட்டைப் பையில் பேனாவோடு சேர்ந்து கிடந்தது.

அதில் நான் நாட்குறிப்பு எழுதவில்லை. மருந்துக் கணக்கு மட்டுமே எழுதினேன். ஆயினும், இரவெல்லாம் விழித்திருப்பவன் கையில் பேனா இருந்தால், கணக்கின் ஓரத்தில் வேறு சில சொற்களும் விழுந்துவிடுகின்றன. இன்று அதைப் படித்தால் இப்படி இருக்கிறது:

"காலை 6. மாத்திரை. கஞ்சி நான்கு கரண்டி. வெளியே மழையா என்றாள்."

"பிற்பகல் 3. தண்ணீர் அரை டம்ளர். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு என் ஆரஞ்சைக் கொடு என்றாள்."

"இரவு 11. தூக்கம் இல்லை. அப்பா சைக்கிள் வாங்கிய கதை சொன்னாள். சிரித்தாள்."

"இரவு 9.40. ஊசி. பெரியவனை வரச் சொல்லு என்றாள்."

பெரியவன் என்றது என் அண்ணனை. அவன் கோயம்புத்தூரில் ஓர் ஆலையில் வேலை பார்த்துவந்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அப்பா விட்டுச் சென்ற வீட்டைப் பங்கிடுவதில் எங்களுக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டிருந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இப்போது முக்கியமில்லை. பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. அம்மா மருத்துவமனையில் இருக்கும் செய்தி உறவினர் மூலமாக அவனுக்குப் போயிருந்தது. 'அவனாக வரட்டும்' என்று நான் இருந்தேன். 'அவன் கூப்பிடட்டும்' என்று அவன் இருந்திருக்கிறான்.

மருத்துவமனைக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது. இரவு 10 மணிக்குமேல் கட்டணமும் குறைவு. நான் போகவில்லை. 'நாளைக்குச் சொல்லலாம்' என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். அன்றிரவே பேருந்து ஏறி விடியற்காலையில் அண்ணன் வந்துவிட்டான். அதற்கு முந்தைய மாலையில் அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அதன்பின் அவள் நான்கு நாள்கள் இருந்தாள். அண்ணன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய இரவில், திண்ணையில் வைத்து அண்ணன் கேட்டான்: "தம்பி, அம்மா என்னைத் தேடினாளா?"

"கடைசியில் பேச்சே இல்லை, அண்ணே" என்றேன்.

நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அது விடையும் அன்று.

முப்பதாம் நாள் முடிந்த பிறகு பீரோவின் மேலிருந்த பெரிய நோட்டை இறக்கினேன். அம்மாவைப் பற்றி இரண்டரைப் பக்கம் எழுதினேன். எழுதி முடித்தபோது நெஞ்சு லேசானதைப்போல் இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்ற திருப்தியும் இருந்தது. இரண்டு நோட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2001 இல், வீட்டு வரி ரசீது ஒன்றைத் தேடும்போது அவை இரண்டும் கைக்கு வந்தன. தரையில் உட்கார்ந்து படித்தேன். பெரிய நோட்டில் இருந்த இரண்டரைப் பக்கத்தைப் படித்து வெட்கினேன். கோபுரம் சாய்ந்தது, விளக்கு அணைந்தது, ஆலமரம் வேரோடு வீழ்ந்தது என்று எழுதியிருந்தேன். யாருடைய தாய்க்கும் பொருந்தும் சொற்கள் அவை. என் தாய் அவற்றுள் இல்லை. ஆரஞ்சைப் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னவள் அந்தச் சின்ன நோட்டில்தான் இருந்தாள். மருந்துக்கும் சிறுநீர்க் கணக்குக்கும் நடுவே, மூன்று சொல்லிலும் நான்கு சொல்லிலும், உயிரோடு இருந்தாள்.

அப்படியானால் சின்ன நோட்டே சிறந்தது என்று முடிவுகட்டியிருக்கலாம். ஆனால் பக்கத்தைப் புரட்டியபோது அந்த வரி வந்தது. "இரவு 9.40. ஊசி. பெரியவனை வரச் சொல்லு என்றாள்." அதற்கு அடுத்த வரி: "காலை 6. மாத்திரை. பால் கால் டம்ளர்." இடையில் ஒன்றும் இல்லை. நான் ஏன் கூப்பிடவில்லை என்பது இல்லை. அந்த இரவில் எதிரே இருந்த பூத்தின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது இல்லை. சின்னப் பக்கம் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், இடமில்லை என்று சொல்லி நான் தப்பித்திருப்பேன்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. பெரிய பக்கம் என்னைப் பேச்சாளன் ஆக்கிற்று. சிறிய பக்கம் என்னைக் கணக்கன் ஆக்கிற்று. முன்னது மெய்யைச் சொற்களால் மூடியது. பின்னது மெய்யில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. இரண்டிலும் நான் என்னைச் சந்திக்கவில்லை.

அதன்பின் நோட்டின் அளவைப் பற்றி ஒரு மாணவனைப்போல் ஆராயத் தொடங்கினேன். பள்ளி அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுக்க வைத்திருந்த ஏ-4 தாள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். அதைச் சரிபாதியாக மடித்தால் ஏ-5. அதாவது 148க்கு 210. அதையும் மடித்தால் ஏ-6, 105க்கு 148. எத்தனை முறை மடித்தாலும் வடிவம் மாறுவதில்லை. அளவு மட்டுமே சுருங்குகிறது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக இருந்தால்தான் இவ்வாறு அமையும். ஜெர்மானிய அறிஞர் லிக்டன்பெர்க் 1786 ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்திலேயே இந்த விகிதத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். 1922 இல் ஜெர்மனி இதைத் தாளின் தர அளவாக ஏற்றது. 1975 இல் அது உலகத் தர அளவாயிற்று. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தாளே ஏ-0. அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ-4 கிடைக்கிறது.

பிறகு என் கையெழுத்தை அளந்தேன். தமிழ் எழுத்து வளைவும் சுழியும் உடையது. நம் சொற்களும் வேற்றுமையும் விகுதியும் ஏற்று நீள்பவை. ஆங்கிலம் எழுதுபவனுக்குப் பத்துச் சொல் கொள்ளும் வரி, தமிழ் எழுதுபவனுக்கு ஆறேழு சொற்களோடு முடிந்துவிடும். கோட்டுக்குக் கோடு 8 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். ஏ-6 பக்கத்தில் வரிக்கு மூன்று சொற்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 40. ஏ-5 பக்கத்தில் 22 வரிகள், வரிக்கு ஐந்து சொற்கள், மொத்தம் 110. ஏ-4 பக்கத்தில் 200க்கும் மேல். நான் சிந்தித்து எழுதும் வேகத்தில் முதலாவதற்கு 4 நிமிடம், இரண்டாவதற்கு 10 நிமிடம், மூன்றாவதற்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திவிட்டு, இரவு உணவும் குடும்ப செபமும் முடித்து, தூங்கப் போகும் வேளையில் எனக்கு மிஞ்சியது 10 நிமிடம்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு 20 ஆண்டுகள் ஆயின. 1981 இல் நோட்டு வாங்கியபோது, எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்து நான் வாங்கவில்லை. எவ்வளவு பெரியவனாக இருக்க ஆசைப்பட்டேனோ அந்த அளவுக்கு வாங்கினேன்.

மறுநாள் ஏ-5 அளவுக்கு நெருக்கமான 192 பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 192 நாள்கள். இரண்டு நோட்டுகள் ஓர் ஆண்டுக்குப் போதும். 19 பக்கங்கள் மீதியும் இருக்கும். மேசை வேண்டியதில்லை, மடியில் வைத்து எழுதலாம். கட்டிலில் தலையணைக்கு அருகே கிடக்கும். 80 கிராம் தாளானாலும் உள்ளே இருக்கும் 96 தாள்களின் எடை கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவே.

எழுதத் தொடங்கிய சில நாள்களில் ஒன்றைக் கவனித்தேன். ஒரு சாதாரண நாளில் எனக்கு நடந்த செய்திகள் 14 அல்லது 15 வரிகளில் முடிந்துவிடும். யார் வந்தார், எங்கே போனேன், என்ன செலவு என்பவை அவ்வளவுதான். அதற்குக் கீழே ஏழு வரிகள் மீதி இருக்கும். அந்த ஏழு வரிகள் என்னை அச்சுறுத்தும் அளவுக்கு அதிகமும் இல்லை. கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்குக் குறைவும் இல்லை. பேனா அங்கே ஒரு கணம் நிற்கும். 'வேறு ஒன்றும் இல்லையா?' என்று பக்கம் கேட்பதுபோல் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பிறகு எழுதுவதுதான் நாட்குறிப்பு. அதற்கு முன் எழுதியது நடப்புக் குறிப்பு. பகலில் ஒரு மாணவனை அநியாயமாகக் கடிந்துகொண்டது, மனைவியின் கேள்விக்கு முகம் கொடுக்காமல் பதில் சொன்னது எல்லாம் அந்த ஏழு வரிகளில்தான் வந்து சேர்ந்தன. இரவில் படுக்கைக்குப் போகுமுன் ஆன்ம சோதனை செய்யும்படி சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் கற்றுக்கொடுத்தார்கள். விழிகளை மூடிக்கொண்டு செய்யும்போது நான் உறங்கிப்போவேன். காகிதத்தின்மேல் செய்தபோது உறங்க முடியவில்லை.

இதற்குப் பின் பிறருடைய நாட்குறிப்புகளையும் வேறு கண்ணால் பார்க்கலானேன். 1831 முதல் 1836 வரை கப்பலில் உலகைச் சுற்றிவந்த சார்லஸ் டார்வின், கரையில் இறங்கி அலையும்போது எழுதுவதற்கென்று சிறு நோட்டுகளை வைத்திருந்தார். அவற்றுள் பல இன்றும் உள்ளன. கப்பலுக்குத் திரும்பியபின் விரிவாக எழுதிய நாட்குறிப்பு வேறு. பார்த்த இடத்திலேயே பிடித்துக்கொள்ள ஒன்று. அமர்ந்து சிந்திக்க ஒன்று. ஆன் ஃபிராங்க் என்னும் யூதச் சிறுமிக்கு 1942 ஜூன் 12 அன்று, அவளுடைய 13 ஆம் பிறந்த நாளில் கிடைத்தது, தோழியரிடம் கையெழுத்து வாங்கும் கட்டம்போட்ட சிறு ஏடு. ஒளிந்து வாழ்ந்த வீட்டில் அது நிரம்பியபின் சாதாரண நோட்டுகளிலும், பிறகு உதிரித் தாள்களிலும் எழுதினாள். அவள் எழுத்து வளர வளர ஏடும் மாறியது. குழந்தை இயேசுவின் புனித தெரசா தம் வரலாற்றைத் தொடங்கியது பள்ளிப் பிள்ளைகளின் மலிவான நோட்டில். 1897 இல் நோய் முற்றியபோது கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார்.

நம் பக்கத்தில், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 இல் தொடங்கி 1761 வரை 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளிவந்தது. கப்பல் வந்த செய்தியும் சரக்கின் விலையும் ஆளுநர் மாளிகையில் கேட்ட பேச்சும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. அவர் வணிகர், நாள்தோறும் பார்ப்பதையும் கேட்பதையும் பதிவு செய்வது அவருக்குத் தொழிலோடு சேர்ந்த பழக்கம். இவர்களுள் எவரும் அழகான ஏடு கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அவரவர் வாழ்க்கைக்கு எட்டிய ஏட்டில் எழுதினார்கள்.

புதிய நோட்டு வாங்கி மூன்றாம் மாதம், ஓர் இரவு, 16 வரிகளில் அன்றைய செய்திகள் முடிந்தன. ஆறு வரிகள் எஞ்சின. அவற்றில் இப்படி எழுதினேன்: "அம்மா அண்ணனைக் கேட்டாள். அன்று இரவு 9.40. எதிரே பூத் திறந்திருந்தது. நான் போகவில்லை. கோபம்தான் காரணம். அண்ணன் கேட்டபோதும் மறைத்துவிட்டேன்."

எழுதியபின் ஒரு வரி மீதி இருந்தது. அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு விளக்கை அணைக்கவே விரும்பினேன். முடியவில்லை. "அவனிடம் சொல்ல வேண்டும்" என்று எழுதினேன்.

அடுத்த விடுமுறையில் அந்தச் சின்ன நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறினேன். அண்ணன் அப்போது ஓய்வு பெற்றிருந்தான். அண்ணி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனபின், பக்கத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். முன்னும் பின்னும் புரட்டினான். தேதிகளைப் பார்த்தான். நான் கூப்பிட்ட நாளை அவன் மறந்திருக்கவில்லை.

"இரண்டு நாள், தம்பி" என்றான்.

"ஆமாம், அண்ணே."

நெடுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. பெண்கள் குடங்களோடு ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆரஞ்சைக் கொடுத்தாயா அந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டான். கொடுத்தேன் என்றேன். "இது என்னிடம் இருக்கட்டும்" என்று சொல்லி அந்த நோட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு அவன் வீட்டிலேயே தங்கும்படி சொன்னான், தங்கினேன். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் எங்களுக்குள் பேச்சு நின்றதில்லை.

அந்தச் செவிலிப் பெண் மறுநாள் மாலை சொன்னபடி வீட்டுக்கு வந்தாள். இந்தக் கதையில் பாதியை அவளிடம் சொன்னேன். பிறகு ஓர் ஆசிரியனுக்கே உரிய பழக்கத்தால் சில குறிப்புகளும் கொடுத்தேன். அவற்றை இங்கே வாசக அன்பர்களுக்கும் சொல்வதில் தவறில்லை.

முதலில் உன் இரவை அளந்துகொள். பிறகு நோட்டை அளந்து வாங்கு. மிகவும் களைத்துப்போன ஒரு நாளில் உன்னால் எத்தனை நிமிடம் எழுத முடியுமோ, அந்த நேரத்தில் நிரம்பக்கூடிய பக்கத்தைத் தேர்ந்துகொள். உற்சாகமான நாளைக் கணக்கில் கொள்ளாதே. அந்த நாளுக்கு எந்த நோட்டும் பொருந்தும். பெரும்பாலோர்க்கு ஏ-5 அளவு பொருந்திவரும். தேதி அச்சிட்ட டயரியைக் காட்டிலும் தேதி இல்லாத நோட்டு நல்லது. எழுதாத நாள்கள் வெற்றுப் பக்கங்களாய் நின்று உன்னைக் குற்றம் சாட்டமாட்டா. கம்பிச் சுருள் கோத்த நோட்டில் இடப்பக்கம் எழுதும்போது கம்பி கையில் இடறும். தைத்த நோட்டு விரித்தால் படுத்துக் கொடுக்கும். மிகத் தடித்த நோட்டு வேண்டா. பக்கத்தின் கடைசி வரிகளில் கை விளிம்பிலிருந்து நழுவும். கடைசி வரிகளே முக்கியமானவை.

சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டையும் விட்டுவிடாதே. பிறர் சொன்ன சொல்லை அவர்கள் சொன்ன வண்ணமே பிடித்துக்கொள்ள அதைப்போல் உதவுவது வேறில்லை. உன் பணியில் தினமும் நோயாளிகளின் அருகே நிற்கிறாய். இரவில் வீட்டுக்கு வந்து நினைவுபடுத்தினால் அவர்கள் சொன்னது உன் சொல்லாக மாறியிருக்கும். பிறரைக் குறித்துக்கொள்ளச் சிறியது. உன்னைக் கேட்டுக்கொள்ள நடுத்தரமானது.

"கைபேசியில் எழுதினால் என்ன, ஐயா?" என்று அவள் கேட்டாள். அதுவும் நல்லதே, எழுதாமல் இருப்பதைவிட எதில் எழுதினாலும் நல்லது. ஆனால் திரைக்கு அடி விளிம்பு இல்லை. எங்கே நிறுத்தினாலும் அங்கேயே பக்கம் முடிந்ததுபோல் தோன்றும். மீதி வரிகள் அங்கே கண்ணில் படுவதில்லை. எனக்கு அந்த மீதி வரிகள் தேவைப்பட்டன.

அவள் பையில் இருந்த மூன்று நோட்டுகளையும் மேசைமேல் எடுத்து வைத்தாள். மூன்றையும் முதல் நாளே வாங்கிவிட்டிருக்கிறாள். நான் சிரித்தேன். பெரியதை மட்டும் எடுத்து என்னிடமே நீட்டி, "இது பேத்திக்கு இருக்கட்டும், ஐயா. படம் வரைவாள்" என்றாள்.

நாட்குறிப்புக்கு எந்த அளவு பொருத்தம் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் பதில் சொல்வேன். ஆனால் அவற்றோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். நீங்கள் எழுத விரும்புவதற்கு மேல் ஒரு வரிக்கு இடம் இருக்கும் நோட்டை வாங்குங்கள். எந்த இரவிலாவது அந்த ஒரு வரி உங்களுக்குத் தேவைப்படும்.